அலைஎண்ணைப் பிழையின்றிக் கணக்கிட்டுப் பயன்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

களியக்காவிளைப் பக்கம் கல்லூரி மாணவர்களுக்கு இயற்பியல் செய்முறை சொல்லித் தருகிறேன். தமிழ்வழியில் படித்த பிள்ளைகளும், பாறசாலைப் பக்கத்திலிருந்து மலையாளவழியில் படித்துவிட்டு வரும் தமிழ்வீட்டுப் பிள்ளைகளும் ஒரே மேசையில் அமர்ந்து கணக்குப் போடுகிறார்கள். அலைநீளம், அதிர்வெண் ஆகியவற்றில் தடுமாறாதவர்கள்கூட அலைஎண் வந்தவுடன் தடுமாறுகிறார்கள். கணக்கின் கடினம் இதற்குக் காரணமன்று. படிகளை வரிசை மாற்றிச் செய்வதுதான் காரணம்: எந்த அலைஎண் என்று முடிவு செய்யாமலும், அலகை எழுதாமலும், எண்ணை மட்டும் முதலில் போட்டுவிடுகிறார்கள்.

கீழே உள்ள வரிசையில் செய்தால் அந்தத் தடுமாற்றங்களில் பெரும்பாலானவை வருவதில்லை.

1. தொடங்குமுன் தேவைப்படுபவை

ஹைப் (hyp) பொத்தான் உள்ள அறிவியல் கணிப்பான் (எட்டாம் படியில் தேவைப்படும்), மில்லிமீட்டர் கோடுகள் தெளிவாகத் தெரியும் அளவுகோல், வரி விழுந்த ஒரு ரப்பர் ஷீட்டு ஆகியவை போதும். நம் ஊரில் ரப்பர் ஷீட்டுக்குப் பஞ்சமில்லை. கிடைக்காதவர்கள் வரிவரியாக உள்ள எந்தப் பரப்பையும் எடுத்துக்கொள்ளலாம்.

சொற்களையும் முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நொடியில் எத்தனை அலைவு என்பது அதிர்வெண். சில தமிழ் நூல்கள் இதையே அலைவெண் என்று எழுதுகின்றன. மலையாளவழியில் படித்தவர்கள் ஆவிருத்தி என்பார்கள். ஒரு நீளத்தில் எத்தனை அலை என்பது அலைஎண். அலைவெண், அலைஎண் இரண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் ஒலிப்பதால், வாய்மொழியாகக் கேட்டுக் குறிப்பெடுப்பவர்கள் நொடிக்கு உரியதை மீட்டருக்கு உரியதாக எழுதிவிடுகிறார்கள். எனவே நோட்டின் முதல் பக்கத்தில் ‘அதிர்வெண்: நொடிக்கு, அலைஎண்: மீட்டருக்கு’ என்று எழுதி வைக்கச் சொல்கிறேன்.

2. சூத்திரத்துக்கு முன் கையால் எண்ணிப் பாருங்கள்

ரப்பர் ஷீட்டின் ஒரு பக்கத்தை மேலே வைத்து, வரிகளுக்குச் செங்குத்தாக அளவுகோலை வையுங்கள். ஒரு மேட்டின் உச்சி சரியாகப் பூச்சியத்தில் நிற்க வேண்டும். 10 செ.மீ. வரை எத்தனை வரி என்று எண்ணுங்கள்.

நான் வைத்திருக்கும் ஷீட்டில் 25 வருகிறது. ஆக, ஒரு சென்டிமீட்டருக்கு 2.5 வரி, ஒரு மீட்டருக்கு 250 வரி. இதுதான் அலைஎண். எந்தச் சூத்திரமும் இல்லாமல் விரலால் எண்ணியே பெற்றுவிட்டோம். இதன் தலைகீழ் 0.4 செ.மீ.; அது அலைநீளம்.

இங்கே நிகழும் பிழை எப்போதும் ஒன்றே. பூச்சியத்தில் நிற்கும் மேட்டை ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கினால் 26 வரும். நாம் எண்ணுவது மேடுகளை அல்ல, ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு உள்ள இடைவெளிகளை. ஆகையால் முதல் மேட்டுக்குப் ‘பூச்சியம்’ என்று சொல்லித் தொடங்க வேண்டும். 1 செ.மீ.க்குள் மட்டும் எண்ணினால் அரை வரியை விழுங்குவதா விடுவதா என்ற ஐயமே விடையை மாற்றிவிடும். நீண்ட தூரத்துக்கு எண்ணிப் பிறகு வகுத்தால், அந்த அரை வரிப் பிழை தூரத்தோடு சேர்ந்து வகுபட்டுச் சிறுத்துவிடும்.

3. இரண்டு அலைஎண்களில் எது என்று முடிவு செய்யுங்கள்

அலைஎண் என்ற ஒரே பெயரில் இரண்டு அளவுகள் புழங்குகின்றன. ஒன்று, இப்போது நாம் எண்ணியது:

எண்ணிக்கை அலைஎண் = 1 ÷ அலைநீளம்

மற்றொன்று, ஒரு மீட்டரில் அலையின் கட்டம் (அலைச் சுற்றில் எந்த நிலையில் இருக்கிறது என்பது) எத்தனை ரேடியன் நகர்கிறது என்பது:

கோண அலைஎண் = 2 × பை ÷ அலைநீளம்

பை என்பது 3.1416. ஒரு முழு அலைக்கு 2 பை ரேடியன், அதாவது 6.283. எனவே நம் ஷீட்டின் கோண அலைஎண் மீட்டருக்கு 1571 ரேடியன். ‘எண்ணிக்கை அலைஎண்’ என்று அடைமொழி சேர்த்தது குழப்பம் தீர்வதற்காக நான் செய்துகொண்ட ஏற்பாடு. பாடநூல்களில் இரண்டையும் வெறும் அலைஎண் என்றே காண்பீர்கள்.

எந்த இடத்தில் எது வரும் என்பதை எளிதில் கண்டுகொள்ளலாம். நிறமாலைக் கணக்குகளிலும், வேதியியல் ஆய்வகத்தின் அகச்சிவப்பு வரைபடங்களிலும் எண்ணிக்கை அலைஎண். சைன், கொசைன் உள்ளே தூரத்தோடு பெருக்கப்பட்டு நிற்கும் இடங்களிலும், கடல் அலை, ஒலி, குவாண்டம் இயங்கியல் ஆகியவற்றிலும் கோண அலைஎண். இந்த முடிவை எடுக்காமல் தொடங்கிய கணக்கில் விடை 6.28 மடங்கு கூடியோ குறைந்தோ வரும். விடைத்தாளில் இந்த 6.28-ஐக் கண்டால், பிழை எங்கே நேர்ந்தது என்று மேற்கொண்டு தேட வேண்டியதில்லை.

கோண அலைஎண் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: அதைத் தூரத்தால் பெருக்கினால் கட்ட வேறுபாடு நேரடியாகக் கிடைக்கும். ஷீட்டில் 1 மி.மீ. இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளை எடுங்கள். 1571 × 0.001 = 1.571 ரேடியன், அதாவது கால் சுற்று. 4 மி.மீ. அலையில் 1 மி.மீ. என்பது கால் பங்குதானே.

இதே இடத்தில் கணிப்பானையும் ரேடியன் முறைக்கு மாற்றியாக வேண்டும். பாகை முறையிலேயே இருந்தால் 1.571-இன் சைன் 1 என்று வராமல் 0.027 என்று வரும். மூன்று பக்கம் கணக்குப் போட்ட பிறகு இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது மிகுந்த மனவருத்தம் தரும் வேலை. அதனால் முன்னதாகவே சொல்லி வைக்கிறேன்.

4. அலகை எழுதிவிட்டு எண்ணைப் போடுங்கள்

ஒளியின் அலைநீளம் நானோமீட்டரில் வரும், அலைஎண்ணைச் செ.மீ.⁻¹ என்ற அலகில் கேட்பார்கள். இதைச் ‘சென்டிமீட்டருக்கு’ என்று படியுங்கள். ‘மைனஸ் ஒன்று சென்டிமீட்டர்’ என்று படிப்பவர்கள், அது ஒரு நீளம் என்றே உள்ளூர எண்ணிக்கொள்கிறார்கள்.

ஒரு சென்டிமீட்டரில் ஒரு கோடி நானோமீட்டர் இருக்கிறது. பத்தாயிரம் மைக்ரோமீட்டர் இருக்கிறது. ஆகவே,

செ.மீ.⁻¹ வேண்டுமானால்: ஒரு கோடியை நானோமீட்டரால் வகுக்கவும், அல்லது பத்தாயிரத்தை மைக்ரோமீட்டரால் வகுக்கவும்.

500 நானோமீட்டர் பச்சை ஒளிக்கு 20,000 செ.மீ.⁻¹, 10 மைக்ரோமீட்டர் வெப்பக் கதிருக்கு 1,000 செ.மீ.⁻¹. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற விடைகள் பொருந்துகின்றனவா என்று உடனே பார்த்துக்கொள்ளலாம்.

மீட்டருக்கு மாற்றும்போது பலர் நூறால் வகுத்துவிடுகிறார்கள். ஒரு சென்டிமீட்டரில் 20,000 அலை இருந்தால் ஒரு மீட்டரில் 20 லட்சம் இருக்கும். நூறால் பெருக்க வேண்டும். நீளங்களை மாற்றிப் பழகிய கை இங்கே எதிர்த்திசையில் போகிறது. ரப்பர் ஷீட்டின் 2.5-உம் 250-உம் நினைவிருந்தால் கை தானே நின்றுவிடும்.

5. நிறமாலைக் கோடுகள்: முதலில் தலைகீழாக்குங்கள், பிறகு கழியுங்கள்

சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியில் 589.0, 589.6 நானோமீட்டர் என இரண்டு கோடுகள் உண்டு. இவற்றுக்கிடையே அலைஎண் வேறுபாடு எவ்வளவு?

புதியவர்கள் முதலில் கழித்து 0.6 நானோமீட்டர் எடுத்து, அதைத் தலைகீழாக்கி ஒன்றரைக் கோடிக்கு மேல் ஒரு விடை எழுதுவார்கள். சரியான வரிசை இது: இரண்டையும் தனித்தனியே மாற்றினால் 16,978, 16,961 செ.மீ.⁻¹. வேறுபாடு ஏறத்தாழ 17. கழித்தலும் தலைகீழாக்கலும் இடம் மாறினால் விடை மாறும் என்பதை இந்த ஒரு கணக்கு ஆழமாகப் பதித்துவிடுகிறது.

ஹைட்ரஜன் கோடுகளுக்கு அலைஎண்ணில் கணக்குப் போடுவதற்கு வலுவான காரணம் இருக்கிறது. அலைஎண் ஆற்றலுக்கு நேர்விகிதத்தில் உள்ளது. ஆற்றல் மட்டங்களின் வேறுபாடே கோட்டின் அலைஎண். ஆகவே கழித்தலோடு வேலை முடிந்துவிடும். ஹைட்ரஜன் கோடுகளின் அலைஎண்ணைக் கணக்கிடப் பயன்படும் மாறிலியான ரிட்பெர்க் மதிப்பு 1,09,678 செ.மீ.⁻¹. மூன்றாம் மட்டத்திலிருந்து இரண்டாம் மட்டத்துக்கு இறங்கும் சிவப்புக் கோட்டுக்கு இதை 1/4 − 1/9 என்பதால், அதாவது 5/36-ஆல், பெருக்கினால் 15,233 செ.மீ.⁻¹ வரும்.

இதை அலைநீளமாக்கினால் 656.47 நானோமீட்டர். ஆனால் கையேடுகளில் 656.28 என்று இருக்கும். தங்கள் கணக்கு தவறு என்று எண்ணி அழித்து அழித்து எழுதும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்கில் தவறில்லை. 656.47 என்பது வெற்றிடத்தில், 656.28 என்பது காற்றில். காற்றின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.00028 என்பதால் அலைநீளம் அந்த அளவுக்குச் சுருங்குகிறது. காற்றில் அளந்த அலைநீளத்தை அப்படியே தலைகீழாக்கினால் அலைஎண்ணில் 4 அல்லது 5 செ.மீ.⁻¹ கூடுதலாக வரும். சோடியம் கோடுகளுக்கு மேலே நான் எழுதிய இரண்டு மதிப்புகளும் காற்றில் அளந்தவையே. வேறுபாடு மட்டும் வேண்டிய இடத்தில் இது பெரிதாகப் பாதிக்காது. முழு மதிப்பு வேண்டிய இடத்தில் ஒளிவிலகல் எண்ணால் வகுத்தாக வேண்டும்.

பொருளில் பட்டுச் சிதறும் ஒளியின் ஒரு பகுதி அலைஎண் மாறி வருவதே இராமன் விளைவு; அந்த மாற்றம் இராமன் பெயர்ச்சி. இங்கும் வரிசை அதுவே. வைரத்தின் இராமன் பெயர்ச்சி 1332 செ.மீ.⁻¹. 532 நானோமீட்டர் லேசரின் அலைஎண் 18,797, 1332-ஐக் கழித்தால் 17,465, தலைகீழாக்கினால் 572.6 நானோமீட்டர். லேசரை 785 நானோமீட்டருக்கு மாற்றினால் கோடு 876.7-இல் விழும். அலைநீளப் பெயர்ச்சி முதலதில் 41 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அடுத்ததில் 92-ஐ ஒட்டி. அலைஎண் பெயர்ச்சி இரண்டிலும் 1332-தான். பொருளுக்கு உரிய அடையாளம் எந்த அளவில் மாறாமல் நிற்கிறதோ அந்த அளவில்தான் பதிவு செய்ய வேண்டும்.

6. அகச்சிவப்பு வரைபடத்தைப் படித்தல்

எந்த அலைஎண்ணில் எவ்வளவு அகச்சிவப்பு ஒளியைப் பொருள் உட்கவர்கிறது என்று காட்டுவது அகச்சிவப்பு வரைபடம். தேங்காயெண்ணெயின் வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். கிடை அச்சு இடப்புறம் 4000-இல் தொடங்கி வலப்புறம் 400-இல் முடியும். எண்கள் இறங்குவரிசையில் ஓடுவதைக் கவனிக்காதவர்கள் 1500-க்கும் 2000-க்கும் இடைப்பட்ட கோட்டை எதிர்ப்புறமாக எண்ணிப் படித்துவிடுகிறார்கள். சில கருவிகளில் 2000-க்குப் பிறகு அச்சின் அளவுத்திட்டமே மாறும்; அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

1745-ஐ ஒட்டி வரும் மிகக் கூர்மையான கோடு எஸ்டர் தொகுதியில் உள்ள கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புக்கு உரியது. 2920, 2850 இரண்டும் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பின் நீட்சி. 3006-ஐ ஒட்டி, நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த எண்ணெய்களில் ஒரு சிறு மேடு தெரியும். தேங்காயெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பே ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு என்பதால் அந்த மேடு மிக மங்கலாக இருக்கும். தேங்காயெண்ணெயில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறதா என்று பார்ப்பவர்கள் முதலில் கண்ணை வைக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

3470 பக்கம் தெரியும் மெல்லிய கோட்டைக் கண்டு ‘எண்ணெயில் தண்ணீர் இருக்கிறது’ என்று எழுதுவது வழக்கமான பிழை. தண்ணீரும் அந்தப் பகுதியில்தான் வரும். ஆனால் அது அகலமாகப் பரந்து வரும். இங்கே தெரிவது 1745-இன் இரண்டாம் மடங்கு. 2 × 1745 = 3490; அதிர்வு முற்றிலும் சீரானதாக இல்லாததால் சற்றே குறைந்து 3470-இல் விழுகிறது. அச்சில் அலைநீளம் இருந்திருந்தால் 5.73-க்கும் 2.88-க்கும் உள்ள உறவு எளிதில் கண்ணில் படாது.

கருவியின் பிரிதிறன் (இரண்டு கோடுகளைத் தனித்தனியே காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி) 4 செ.மீ.⁻¹ என்று வைத்து எடுத்த வரைபடத்தில் 1743, 1745 இரண்டையும் வெவ்வேறு கோடுகளாக விளக்கி எழுதாதீர்கள்.

7. சாய்ந்த அலை: திசையைச் சேர்த்தல்

ரப்பர் ஷீட்டுக்குத் திரும்புவோம். அதன் வரிகள் ஓரத்துக்குச் சாய்வாக ஓடுகின்றன. இப்போது அளவுகோலை ஷீட்டின் நீளவாக்கில் வைத்து எண்ணினால் 10 செ.மீ.யில் 20 வருகிறது, அகலவாக்கில் 15.

இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள்: 400 + 225 = 625; மூலம் 25. செங்குத்தாக எண்ணியபோது கிடைத்த அதே 25. அலைஎண் ஒரு திசையன் என்பதை இதைவிட நேராகக் காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இதையே அலைநீளத்தில் செய்து பாருங்கள். நீளவாக்கில் வரியிடை 5 மி.மீ.; அகலவாக்கில் 6.67 மி.மீ. வர்க்கமாக்கிக் கூட்டி மூலம் எடுத்தால் 8.33 மி.மீ. வரும். உண்மையான வரியிடையோ 4 மி.மீ. அலைநீளத்துக்குக் கூறுகள் கிடையாது, அலைஎண்ணுக்கு உண்டு. ஆகவே சாய்ந்து வரும் அலை எதுவானாலும் முதலில் அலைஎண்ணுக்கு மாறிக்கொண்டு, கூறு பிரித்து, வேலை முடிந்த பிறகுதான் அலைநீளத்துக்குத் திரும்ப வேண்டும்.

8. கடல் அலை: காலத்திலிருந்து அலைஎண்

தேங்காய்ப்பட்டணத்துக் கரையில் நின்று அலைநீளத்தை அளக்க முடியாது. ஆனால் ஒரு குறிப்பிட்ட கல்லை அடுத்தடுத்த முகடுகள் கடக்க எத்தனை நொடி ஆகிறது என்று அளக்கலாம். பத்து முகடுகளுக்கு நேரம் பார்த்துப் பத்தால் வகுங்கள். முதல் முகடு இங்கேயும் பூச்சியம்தான்.

தெற்கே வெகுதொலைவில் எழும் புயல்களிலிருந்து புறப்பட்டு வரும், நம் கரையில் கள்ளக்கடல் என்று சொல்லப்படும் பெருக்கை எடுத்துக்கொள்வோம். அதன் அலைவு நேரம் 18 நொடி என்று கொள்வோம். கோண அதிர்வெண் = 6.283 ÷ 18 = நொடிக்கு 0.349 ரேடியன்.

ஆழ்கடலில் விதி இது:

கோண அலைஎண் = கோண அதிர்வெண்ணின் வர்க்கம் ÷ 9.81

விடை, மீட்டருக்கு 0.0124 ரேடியன். அலைநீளம் 506 மீட்டர். ஆழ்கடல் என்று கொள்ள ஆழம் அலைநீளத்தில் பாதிக்கு மேல், அதாவது 250 மீட்டருக்கு மேல், இருக்க வேண்டும். இந்த நிபந்தனையைச் சோதிக்காமல் கரையோரத்துக்கும் அதே விதியைப் போடுவதுதான் இங்கே முதன்மைப் பிழை.

ஆழம் குறைந்த இடத்தில் விதி மாறும்:

கோண அலைஎண் × டேன்ஹெச்(கோண அலைஎண் × ஆழம்) = கோண அதிர்வெண்ணின் வர்க்கம் ÷ 9.81

டேன்ஹெச் (tanh) என்பது கணிப்பானில் ஹைப், டேன் பொத்தான்களை அடுத்தடுத்து அழுத்திப் பெறும் சார்பு. தேடும் அளவு இரண்டு இடத்தில் நிற்பதால் திரும்பத் திரும்பப் போட்டுத்தான் நெருங்க வேண்டும். 50 மீட்டர் ஆழத்துக்கு: ஆழ்கடல் மதிப்பு × ஆழம் = 0.621. அதன் டேன்ஹெச் 0.552, 0.621-ஐ இதனால் வகுத்தால் 1.125. அடுத்த முறை அப்படியே 1.125-ஐப் போட்டால் விடை 0.77-க்குத் தாவி, மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருக்கும். பழையதையும் புதியதையும் சராசரி எடுத்து 0.873-ஐப் போட்டால் 0.883 வருகிறது, இன்னொரு சராசரியில் 0.88-இல் நின்றுவிடுகிறது. 50-ஆல் வகுத்தால் 0.0176, அலைநீளம் 357 மீட்டர்.

5 மீட்டர் ஆழத்தில் இத்தனை சிரமம் இல்லை. அங்கே வேகம் ஆழத்தை மட்டும் பொறுத்தது: 9.81 × 5-இன் வர்க்கமூலம், நொடிக்கு 7 மீட்டர். அலைஎண் = 0.349 ÷ 7 = 0.050, அலைநீளம் 126 மீட்டர். 506 மீட்டராக வந்த அலை 126 மீட்டராகச் சுருங்கிவிட்டது. அலைவு நேரம் மட்டும் 18 நொடியாகவே நிற்கிறது. கரைக்கு வரும்போது அதிர்வெண் கூடுகிறது என்று எழுதுபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்: ஒரு நொடியில் உள்ளே வரும் முகடுகளைவிடக் கூடுதலான முகடுகள் கரையை அடைய வழியில்லை.

முந்தைய படியின் திசையன் இங்கே பயன்படுகிறது. கரை நேராகவும் ஆழக் கோடுகள் கரைக்கு இணையாகவும் இருந்தால், அலைஎண்ணின் கரையோரக் கூறு மாறாது. அலை ஆழ்கடலில் கரையின் செங்குத்துக்கு 40 பாகை சாய்ந்து வந்தால் அந்தக் கூறு 0.0124 × 0.643 = 0.0080. 5 மீட்டர் ஆழத்தில் மொத்த அலைஎண் 0.050, 0.0080-ஐ இதனால் வகுத்தால் 0.16, கோணம் 9 பாகை. எந்தத் திசையிலிருந்து புறப்பட்ட அலையும் கரையில் ஏறக்குறைய நேராக வந்து விழுவது இதனால்தான்.

வந்து சேரும் நாளைக் கணக்கிடும்போது மற்றொரு கவனம் தேவை. ஆழ்கடலில் முகட்டின் வேகம் 0.349 ÷ 0.0124 = நொடிக்கு 28 மீட்டர். ஆற்றலைச் சுமந்து வரும் அலைத்தொகுதியின் வேகம் இதில் பாதி, 14 மீட்டர். புயல் 6,000 கி.மீ. தொலைவில் என்றால், முகட்டின் வேகத்தைப் போட்டவர் இரண்டரை நாள் என்பார். பெருக்கு வந்து சேர ஏறத்தாழ ஐந்து நாள் ஆகும். வள்ளத்தை எப்போது ஏற்றிக் கட்டுவது என்ற கேள்விக்கு இந்த இரண்டு விடைகளும் ஒன்றாகா.

9. கணினியில் எடுக்கும்போது

ஒரு பதிவில் எந்தெந்த அலைஎண்கள் கலந்திருக்கின்றன என்று பிரித்துக் காட்டும் ஃபூரியர் மாற்றத்தைச் செய்யும் நிரல்கள் பெரும்பாலும் எண்ணிக்கை அலைஎண்ணையே தருகின்றன. கோண அலைஎண் வேண்டுமானால் 2 பையால் நீங்களே பெருக்க வேண்டும்.

அளவெடுக்கும் இடைவெளி அலைநீளத்தில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும். நம் ஷீட்டுக்கு 2 மி.மீ.க்குக் கீழ். 5 மி.மீ.க்கு ஒரு முறை உயரம் பதிந்தால், மீட்டருக்கு 250 வரிகள் மீட்டருக்கு 50 என்று தெரியும், 20 மி.மீ. இடைவெளியில் இல்லாத ஒரு வரி வரைபடத்தில் தோன்றும். பதிந்து முடித்த பிறகு இதைத் திருத்த வழியில்லை.

10. விடையைச் சோதித்தல்

கோண அதிர்வெண்ணைக் கோண அலைஎண்ணால் வகுத்துப் பாருங்கள். முகட்டின் வேகம் வர வேண்டும். காற்றில் ஒலிக்கு நொடிக்கு 340 மீட்டரை ஒட்டியும், வெற்றிடத்தில் ஒளிக்கு நொடிக்கு 30 கோடி மீட்டரை ஒட்டியும் வராவிட்டால், ஒன்றில் 2 பையைச் சேர்த்து மற்றதில் விட்டிருக்கிறீர்கள்.

நிறமாலைக் கணக்கானால் ஆற்றலுக்கு மாற்றிப் பாருங்கள்: 8,066 செ.மீ.⁻¹ ஓர் எலக்ட்ரான்வோல்ட். கண்ணுக்குத் தெரியும் ஒளி இரண்டிலிருந்து மூன்று எலக்ட்ரான்வோல்ட்டை ஒட்டியே அமையும். உங்கள் மஞ்சள் கோடு 0.02 என்றோ 200 என்றோ வந்தால், நான்காம் படிக்குத் திரும்பிச் சென்று, ஒரு கோடியை எதனால் வகுத்தீர்கள் என்று பாருங்கள்.